மெய்ரிக் தொலைக்காத நாய்

மெய்ரிக் புரோதரோவின் நாயை ஹோவெல் பிடித்துக்கொண்டு போனபோது மெய்ரிக் ஒரு காளையின் கழுத்து மேல் உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. அந்தக் காளையின் பின்னங்காலுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். என் பெயர் சாத்ராக். லான்வெரிக் சந்தையில் மாடுகளுக்கு லாடம் அடிப்பது என் பிழைப்பு.

இங்கிருந்து லண்டனுக்கு இருநூறு மைல். வெறுங்குளம்போடு கிளம்பும் மாடு பாதி வழியில் படுத்துவிடும். அதனால் காலைக் கட்டிக் கீழே தள்ளி லாடம் அடிக்க வேண்டும். ஒரு கனமான ஆள் கழுத்து மேல் அசையாமல் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். அவர் எழுந்தால் மாடும் எழும், முதல் உதை என் முகத்தில் விழும்.

இதெல்லாம் ஹோவெலுக்கு நன்றாகத் தெரியும். அவனும் மாடு ஓட்டுகிறவன்தான். சாவகாசமாக வந்தான். நாயின் கழுத்துப் பட்டையை அவிழ்த்து மெய்ரிக்கின் மடியில் போட்டான். தன் கயிற்றை நாய்க்குக் கட்டினான்.

"டேய் ஹோவெல், என்னடா பண்ற? அது என் நாய்டா, என் பேரோ!"

"மெய்ரிக், இதோட அப்பன் என் நாய். அப்பன் எனக்குச் சொந்தம்னா பிள்ளையும் எனக்குத்தான சொந்தம்? வரட்டா?"

"விடுடா அதை!"

"எழுந்து வந்து வாங்கிக்கோ."

மெய்ரிக்கின் இடுப்பு அசைந்தது. "எழுந்திரிச்சீங்கன்னா என் மூஞ்சி போயிடும் அண்ணே!" என்று நான் அலறினேன். அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சந்தையில் நின்ற நாற்பது பேரும் வேடிக்கை பார்க்க, நாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. என் மூக்கு இன்றைக்கும் முகத்தின் நடுவில் இருக்கிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை. அதனால்தான் பின்னால் சாட்சி சொல்லப் போனேன். வேறு எதற்கும் நான் கோர்ட்டுப் படி ஏறுகிற ஆளில்லை.

மெய்ரிக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் எங்கள் வட்டாரத்து மாடுகளை லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். பண்ணைக்காரர்கள் சீட்டு எழுதி வாங்குவதில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டினால் முடிந்தது, முந்நூறு மாடும் அவர் பொறுப்பு. ஆற்று வெள்ளத்திலும் மூடுபனியிலும் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் தொலைத்ததில்லை. ஹோவெல் வருடத்துக்கு நாலு மாட்டைத் தொலைத்துவிட்டு வந்து கண்ணைக் கசக்குவான். மெய்ரிக்கிடம் இருந்த ஆஸ்தி இரண்டுதான். தொலைக்காதவர் என்ற பேர் ஒன்று. மந்தையைக் கலையவிடாத நாய் பேரோ இன்னொன்று.

நாய் போனது ஜூலையில். செப்டம்பர் கடைசியில் பெரிய மந்தை கிளம்ப வேண்டும்.

"நாலு ஆளைக் கூட்டிட்டுப் போய் அவன் வேலியை ஒடைச்சுட்டு வாங்களேன்," என்றாள் அவர் மனைவி மாலி.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு மாலி."

"இருக்கும். ஆனா அதுக்குக் குலைக்கத் தெரியுமா? மாடு மடக்கத் தெரியுமா?"

முதலில் எங்கள் வட்டாரத்து நீதவானிடம் போனோம். பெரிய மனிதர், பன்றித் தொடையும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நாயா? பழைய சட்டப்படி நாயைத் திருட முடியாதேப்பா. நாய்ங்கறது ஆசைக்கு வளக்கறது. சட்டத்தோட கண்ணுல அதுக்கு மதிப்பில்ல. கழுத்துப் பட்டையையும் சேத்து எடுத்துட்டுப் போனானா?"

"இல்லீங்க. அவுத்து என் மடியில போட்டுட்டான்."

நீதவான் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அட! புத்திசாலிப்பய. பட்டை தோல். தோலுக்கு மதிப்புண்டு. அதை எடுத்திருந்தான்னா நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏத்தியிருப்பேன்." மெய்ரிக்கைக் குற்றம்சாட்டுவது போலப் பார்த்தார். "நீ ஏன்யா அதை வாங்கி வச்சுக்கிட்ட?"

அங்கிருந்து வக்கீல் பிக்டனிடம் போனோம். மெலிந்த மனிதர். மேசை முழுக்க அச்சடித்த படிவங்கள்.

"கவலையே வேண்டாம் மெய்ரிக். அநியாயமா எடுத்துக்கிட்ட பொருளுக்கு அருமையான வழக்கு ஒண்ணு இருக்கு. ட்ரோவர்னு பேரு. கண்டெடுப்பு வழக்கு."

"யாரு என்னத்தைக் கண்டெடுத்தாங்க?"

"ஹோவெல் உங்க நாயைக் கண்டெடுத்தான்."

"இல்லீங்க. என் கண்ணு முன்னால இழுத்துட்டுப் போனான்."

"அது நடந்தது. நான் சொல்றது வழக்கு." வக்கீல் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். "நீங்க நாயைத் தற்செயலாத் தொலைச்சீங்க. அவன் அதைக் கண்டெடுத்தான். உங்களுதுன்னு தெரிஞ்சும் திருப்பித் தரல. இப்படித்தான் எழுதணும். கொள்ளையடிச்சவன் மேல போட்டாலும் இப்படித்தான், கடன்வாங்கி ஏமாத்தினவன் மேல போட்டாலும் இப்படித்தான்."

மெய்ரிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, நான் மாடு ஓட்டறவன். தொலைச்சேன்னு என் பேர்ல எழுதினா எனக்கு எவன் மாடு குடுப்பான்? நான் தொலைக்கல. தொலைச்சதே கிடையாது. சாத்ராக்கைக் கேளுங்க."

"தொலைக்கல," என்றேன் நான். "உக்காந்திருந்தார்."

"உக்காந்திருந்தார்ங்கறதுக்குப் படிவம் கிடையாது," என்றார் வக்கீல். பிறகு பரிவோடு சொன்னார்: "இங்க பாருங்க. இந்தப் பொய் முந்நூறு வருசமா கோர்ட்டுல வேலை பாக்குது. ஒரு நாள்கூடத் தோத்ததில்ல. உங்க உண்மைக்கு என்ன அனுபவம் இருக்கு? போன மாசம் சந்தையில பொறந்தது."

மெய்ரிக் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆகஸ்டு கடைசியில் கடன் வாங்கிய ஒரு நாயை வைத்து அவருடைய சொந்தப் பசுக்கள் ஆறை ஓட்டிப் பார்த்தார். நாய் ஒரு பசுவைக் கண்டு பயந்து அவர் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. மறுநாள் மறுபடி வக்கீல் வீட்டுக்குப் போனோம்.

"பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் மெய்ரிக் வாசலிலேயே.

"யார் போடச் சொன்னா? உங்க பேர்ல சட்டமே பொய் சொல்லிக்கும். நீங்க குறுக்க வராம இருந்தாப் போதும்." வக்கீல் எழுதத் தொடங்கினார். "தொலைச்ச இடம், லண்டன் மாநகரம், சீப்சைடு வட்டாரம்."

"லண்டனா? லான்வெரிக்கில நடந்ததுங்க!"

"படிவத்துல லண்டன்னு அச்சடிச்சிருக்கு. அடிச்சுத் திருத்தினா அசிங்கமா இருக்கும். தொலைச்ச நாய்கள், பத்து."

"ஒண்ணுங்க!"

"ஒண்ணுன்னு போட்டு, அதுல ஏதாவது ஓட்டை விழுந்துட்டா என்ன பண்றது? பாதுகாப்புக்குப் பத்துன்னு போடறது வழக்கம்."

வீட்டுக்கு வந்து மெய்ரிக் எல்லாவற்றையும் சொன்னார். மாலி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "காலையில கிளம்பும்போது ஒரு நாயைப் பறிகொடுத்தவரா இருந்தீங்க. சாயங்காலம் பத்து நாயை லண்டன்ல தொலைச்சவராத் திரும்பி வந்திருக்கீங்க. இன்னொரு தடவ போனீங்கன்னா என்னையும் எங்கயாச்சும் தொலைச்சிட்டு வருவீங்க."

செப்டம்பர் நடுவில் லண்டனிலிருந்து நீதிபதி வந்து இறங்கினார். வருடத்துக்கு இரண்டு தரம் வருவார். அவருக்கு இங்கிலீஷ்தான், எங்கள் மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது. தெரிந்துகொண்டால் ஒரு தரப்பாகச் சாய்ந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாம். அதற்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கோர்ட்டு கூடுகிற வாரத்தில்தான் பண்ணைக்காரர்களும் ஊருக்கு வந்து, யாரிடம் மாட்டை ஒப்படைப்பது என்று முடிவு செய்வார்கள். மழை பெய்தது. பதினெட்டுப் பண்ணைக்காரர்களும் நனையாமல் நிற்கக் கோர்ட்டுக்குள் வந்துவிட்டார்கள். வெயில் அடித்திருந்தால் கதை வேறாகப் போயிருக்கும்.

பேரோவும் வந்திருந்தது, சாட்சிப் பொருளாக. மெய்ரிக்கைக் கண்டதும் ஊளையிட்டு, கயிற்றை இழுத்து, அழுது, நின்ற இடத்தையும் நனைத்தது.

"இது யாரோட நாய்ங்கறதுக்கு வேற அத்தாட்சி வேணுமா?" என்று நான் கேட்டேன்.

"நாய் பிரமாணம் எடுக்கல," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

குமாஸ்தா மனுவை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை எங்கள் மொழியில் உரக்கச் சொன்னார்: மேற்படி மெய்ரிக் புரோதரோ, தமக்குச் சொந்தமான நாய்கள் பத்தையும் லண்டன் மாநகரம் சீப்சைடு வட்டாரத்தில் தற்செயலாகக் கைநழுவவிட்டுத் தொலைத்துவிட்டபடியாலும், மேற்படி ஹோவெல் அவற்றைக் கண்டெடுத்தபடியாலும்.

பின்வரிசையில் சலசலப்பு.

"பத்தா?"

"லண்டன்லயாம்ப்பா."

"இத்தன நாள் நம்மகிட்ட மூச்சு விடலையே மனுசன்."

"நாயே பத்து போச்சுன்னா மாடு எத்தன போச்சோ."

மெய்ரிக் தலையைக் குனிந்துகொண்டார்.  என்னைக் கூண்டில் ஏற்றியதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். காளை, லாடம், கழுத்துப் பட்டை, என் மூக்கு, ஒன்றையும் விடவில்லை. அரை மணி நேரம் பேசினேன். மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் திரும்பி மூன்று வார்த்தை சொன்னார்.

"என்னய்யா சொன்னீங்க?"

"நாயைப் பாத்தார்னு சொன்னேன்."

"அவன் இழுத்துட்டுப் போனான்னு சொல்லுங்கய்யா!"

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கு. இந்தக் கோர்ட்டுல இல்ல," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எறங்குங்க."

அடுத்தது ஹோவெல். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஏறினான். நீங்கள் இந்த நாயைக் கண்டெடுத்தீர்கள் அல்லவா என்று பிக்டன் கேட்டதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்டெடுத்தேனா? நானா? ரோட்டுல கெடக்கறதைப் பொறுக்கறவனா நான்? பட்டப்பகல்ல, அத்தன பேரு பாக்க, கயிறு போட்டு இழுத்துட்டு வந்தேன்! மெய்ரிக்கையே கேளுங்க!"

மெய்ரிக் துள்ளி எழுந்தார். கண்ணில் தண்ணீர். "அதாங்க! அதேதான் நானும் சொல்றேன்! நல்லா இருடா ஹோவெல்!"

பிக்டனும் ஹோவெலின் வக்கீலும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்த தாளைக் கையால் மறைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெய்ரிக்கையும் ஹோவெலையும் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அதனால் அப்படியே தருகிறேன்.

"ரெண்டு தரப்பும் சேந்து உண்மையைச் சொன்னா அப்புறம் கோர்ட்டு எதுக்கு? நல்லாக் கேட்டுக்கோங்க. இந்த வழக்குல தொலைச்சீங்களான்னு யாரும் கேக்கக் கூடாது. கண்டெடுக்கலன்னு யாரும் மறுக்கக் கூடாது. முந்நூறு வருசமா இந்தச் சட்டத்துக்குக் கீழ யாரும் யாருகிட்டயும் எதையும் பறிச்சதில்ல. எல்லாம் தொலைஞ்சிருக்கு, எல்லாம் கண்டெடுத்திருக்காங்க. ஏடுகளைப் பொரட்டிப் பாருங்க, இப்படி ஒரு யோக்கியமான தேசம் பூமியிலயே கிடையாது. அந்த நல்ல பேரை ஒரு நாய்க்காகக் கெடுக்கப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

சபை எழுந்து நின்றது. மரியாதைக்காக நானும் நின்றேன்.

ஹோவெல் இன்னொரு தரம் வாயைத் திறந்தான். அவனுடைய வக்கீல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொல்லி, பின்வரிசையைக் காட்டினார். அங்கே பேச்சு இப்போது வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

"பத்து நாயையும் கண்டெடுத்தானாமே."

"லண்டன் கூட்டத்துல தொலைஞ்சதக் கண்டெடுக்கறதுன்னா சும்மாவா?"

"நம்ம மாடு ஒண்ணு வழி தவறினாலும் கண்டுபுடிச்சிருவான் போல."

ஹோவெலின் முகம் மெதுவாக விரிந்தது. "ஆமாங்க," என்றான் பணிவாக. "நான் கண்டெடுத்தேன்."

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போய் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு வந்தார்கள். மெய்ரிக் ஜெயித்துவிட்டார்! நாயின் மதிப்பு எட்டு ஷில்லிங், அதை ஹோவெல் தர வேண்டும். மீதி ஒன்பது நாய்களை மெய்ரிக் நிரூபிக்கவில்லை. ஆகவே அந்த ஒன்பது வகையில் ஹோவெலுக்கு ஆன செலவை மெய்ரிக் தர வேண்டும். கணக்கு எப்படியோ எட்டு ஷில்லிங்குக்கு எட்டு ஷில்லிங் என்று நேராகிவிட்டது. குமாஸ்தாவே ஆச்சரியப்பட்டார்.

மெய்ரிக் நாயின் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினார். "அப்ப நாயைக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"நாயா?" என்றார் நீதிபதி. "விலைதான் தீர்ப்பாயிடுச்சே. கண்டெடுப்பு வழக்குல விலைதான் கிடைக்கும், பொருள் கிடைக்காது. நாய் இனி அவரோடது."

"நான் விக்கலையே ஐயா."

"நீங்க விக்கல. கோர்ட்டு வித்துருச்சு."

வக்கீல் பிக்டன் மெய்ரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு சுத்தமான வெற்றியை அவர் சமீபத்தில் பார்த்ததில்லையாம்.

வெளியே மழை விட்டிருந்தது. நாயைக் கோர்ட்டுச் சுவரில் குதிரை கட்டும் வளையத்தில் கட்டியிருந்தார்கள். அதற்குப் பத்தடி தள்ளிப் பண்ணைக்காரர்கள் ஹோவெலைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருவராக உள்ளங்கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது மாடு. அறுபது மாடு. பெரிய பண்ணைக்காரர் கிரிஃபித் மட்டும் மெய்ரிக் பக்கம் வந்தார். இருபத்திரண்டு வருடமாக மெய்ரிக்கின் கையில் முதலில் தட்டுகிறவர் அவர்தான்.

"கோவிச்சுக்காத மெய்ரிக். எனக்கு உன்னைத் தெரியும். ஆனா கோர்ட்டே எழுதிடுச்சு. வீட்டுல கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"நீங்க சந்தையில நின்னீங்களே. நாயை அவன் இழுத்துட்டுப் போனதப் பாத்தீங்களே."

"பாத்தேன்தான்," என்றார் கிரிஃபித். "ஆனா நான் பாத்தது வெறும் கண்ணால." சொல்லிவிட்டு ஹோவெலிடம் போனார்.

எனக்கு ஹோவெலை அறைய வேண்டும் போலிருந்தது. மெய்ரிக் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் நடந்தார். குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பேரோ அவர் மேல் ஏறி முகத்தை நக்கியது.

கோர்ட்டு வாசலில் நின்ற சேவகன் ஓடி வந்தான். "யோவ், என்ன பண்றீங்க?"

மெய்ரிக் நிமிர்ந்தார்.  வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பிறந்ததிலிருந்தே பேசத் தெரியாதவர் போல இருந்தது பார்க்க.

"கண்டெடுத்தேன்," என்றார்.

"என்னது?"

"இந்த நாயை. தொலைஞ்சு கெடந்துச்சு. தற்செயலாக் கண்டெடுத்தேன்."

சேவகன் விழித்தான். அந்த வார்த்தைக்கு எதிராக என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"டேய்! என் நாய்டா அது!" என்று ஹோவெல் கத்தினான். சத்தம் கேட்டு இரண்டு வக்கீல்களும் படியில் பாய்ந்து இறங்கி வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

"புது வழக்கு!" என்றார் ஹோவெலின் வக்கீல். "கோர்ட்டு கலையறதுக்குள்ள போட்டுடலாம். படிவம் கையிலயே இருக்கு. ஹோவெலாகிய நீங்க உங்க நாயைத் தற்செயலாத் தொலைச்சிட்டீங்க..."

கிரிஃபித்தின் உள்ளங்கை பாதி வழியில் நின்றது. "தொலைச்சிட்டியா? இப்பத்தானடா கையடிக்க வந்தேன்."

"நான் எங்க தொலைச்சேன்? அவன் எடுத்துட்டான், பாத்துட்டுத்தான நிக்கறீங்க!"

"அப்படிச் சொல்லக் கூடாது," என்றார் அவன் வக்கீல் கண்டிப்பாக. "தொலைச்சேன்னுதான் சொல்லணும். லண்டன்ல. பாதுகாப்புக்குப் பத்துன்னு போட்டுக்கலாம்."

"பத்தா?" என்றார் ஒரு பண்ணைக்காரர்.

"இன்னும் மாடே கிளம்பல, அதுக்குள்ளயா?" என்றார் இன்னொருவர்.

ஹோவெல் சுற்றிலும் பார்த்தான். பதினெட்டு உள்ளங்கைகள். முந்நூறு மாடு. அந்தப் பக்கம் ஒரு நாய். மீசையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தொலையல," என்றான். "நான் எதையும் தொலைக்கறவன் இல்ல. அது... அது என் நாயே இல்ல."

"அப்ப யாரோடது?" என்று கேட்டான் சேவகன்.

"எனக்கென்ன தெரியும்? அவன்தான கண்டெடுத்தான். அவனோடதாத்தான் இருக்கும்."

வக்கீல்கள் இருவரும் வாடிப்போனார்கள். எவ்வளவு நல்ல வழக்கு, கட்சிக்காரனுடைய சுயநலத்தால் பாழாகிவிட்டது என்று பிக்டன் என்னிடம் வருத்தப்பட்டார். கிரிஃபித் திருப்தியாக ஹோவெலின் கையில் தட்டினார்.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம்.  பாலம் தாண்டியதும் மெய்ரிக் நின்றார்.

"சாத்ராக், ரெண்டு மாசம் உண்மையச் சொன்னேன். பேரு போச்சு, பொழப்பு போச்சு. ஒரே ஒரு பொய் சொன்னேன், நாய் வந்துடுச்சு."

"விடுங்கண்ணே. நாய் வந்துச்சுல்ல."

"வந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இதை வச்சு எதை ஓட்ட?"

 அடுத்த வாரம் ஹோவெலின் முந்நூறு மாட்டுக்கும் நான் லாடம் அடிக்க வேண்டும். கழுத்து மேல் உட்கார ஒரு கனமான ஆள் வேண்டும், நாள் கூலிக்கு. அவரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பேரோவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கட்டிக் கிடந்து விடுபட்ட சந்தோஷத்தில் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடியது. பின்தங்கியதை விரட்டி, வழி தவறியதை மடக்கி, இல்லாத மந்தையை வீடு வரைக்கும் ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்தது. ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை.